காற்றுத் திரை

நட்சத்திரம் கண் சிமிட்டுகிறது என்று என் போன்ற கதாசிரியர்கள் சலிக்காமல் எழுதி வருகிறோம். ஒரு வானசாஸ்திரியிடம் போய் அந்த அழகைச் சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். சிமிட்டுவது நட்சத்திரமே அல்ல. நம் தலைக்குமேல் புரண்டுகொண்டிருக்கும் காற்று. ஓடுகிற ஆற்றின் அடியில் கிடக்கும் கூழாங்கல் நம் கண்ணுக்கு நெளிவதில்லையா? அதுபோலவே, சூடும் குளிர்ச்சியுமான காற்றைக் கடந்து வரும் ஒளியும் நெளிகிறது. தொலைநோக்கியில் உருவத்தைப் பெரிதாக்கினால் நெளிவும் கூடவே பெரிதாகிறது.

நியூட்டனுக்கு இது தெரிந்திருந்தது. காற்றின் ஓயாத நடுக்கத்துக்குப் பரிகாரம், உயர்ந்த மலைச்சிகரங்களில் உள்ள அமைதியான காற்றுதான் என்று 1704-ல் வெளியான தமது 'ஆப்டிக்ஸ்' நூலில் எழுதினார். பிற்காலத்தார் அப்படியே மலை ஏறினார்கள். கலிபோர்னியாவில் பாலோமர் மலைமேல் 200 அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை 1948-ல் திறந்து வைத்தார்கள்.

அது திறக்கப்படுவதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே, மலை போதாது என்று ஒருவர் எழுதிவிட்டார். அவர் பெயர் லைமன் ஸ்பிட்சர், அமெரிக்கர், வயது 32. பூமியைச் சுற்றி ஒரு பொருளை ஓடவிட மனிதன் அறியாத காலம் அது. ஸ்புட்னிக் பறக்க இன்னும் 11 வருஷம் இருந்தது. இத்தனைக்கும் ஸ்பிட்சர் மலையேறுவதில் மோகம் கொண்டவர். கனடாவின் வடகோடியில் உள்ள தோர் மலையின் உச்சியை 1965-ல் ஒரு நண்பருடன் முதன்முதலாக எட்டியவரும் அவர்தான்.

அவர் சொன்ன காரணம் நடுக்கம் மட்டுமல்ல. காற்று சில ஒளிகளைக் கீழே விடுவதே இல்லை. கொதிக்கும் நட்சத்திரங்கள் தங்கள் சேதியைப் பெரும்பாலும் புற ஊதாக் கதிர்களில் அனுப்புகின்றன. மேலே உள்ள ஓசோன் அவற்றில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. விழுங்காவிட்டால் நம் தோல் வெந்துபோகும். ஆக, நம்மை உயிரோடு வைத்திருக்கும் திரையே நம் கண்ணையும் மறைக்கிறது. திரையைக் கிழிக்கக் கூடாது. கண்ணைத்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

அனுப்புவது லேசாக இல்லை. 1974-ல் அமெரிக்கக் காங்கிரஸில் பணத்தை வெட்டினார்கள். ஸ்பிட்சரும் ஜான் பாக்கால் என்ற இன்னொரு விஞ்ஞானியும் அங்கத்தினர்களைத் தேடித் தேடிப் போய் வாதாடினார்கள். 3 மீட்டராக நினைத்த கண்ணாடி 2.4 மீட்டராகச் சுருங்கியது. 1977-ல் பணம் கிடைத்தது. கடைசியில் 1990 ஏப்ரல் 24-ந் தேதி 'ஹப்பிள்' தொலைநோக்கி விண்ணுக்குப் புறப்பட்டபோது ஸ்பிட்சருக்கு வயது 75.

முதல் படங்கள் வந்தன. எல்லாம் மங்கல்! கண்ணாடியின் ஓரத்தை வேண்டியதைவிடச் சுமார் 2 மைக்ரான், அதாவது தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு, அதிகமாகத் தேய்த்துவிட்டார்கள். உலகம் கைகொட்டிச் சிரித்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் அங்கே சென்று, ஐந்து நாள் வெளியே மிதந்து வேலை செய்து, அந்தக் கண்ணுக்கு ஒருவிதமான மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு வந்தார்கள். கேட்டது 1946-ல், கிடைத்தது 1990-ல், தெளிந்தது 1993-ல்.

1995 டிசம்பரில், ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றிய ஒரு துளி வானத்தை ஹப்பிள் பத்து நாள் உற்றுப் பார்த்தது. அந்தத் துளிக்குள் சுமார் 3,000 நட்சத்திர மண்டலங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கோடானுகோடி சூரியன்களின் கூட்டம். எதுவும் கண் சிமிட்டவில்லை.

அந்தப் படத்தைப் பார்க்க ஸ்பிட்சர் இருந்தார். 1997 மார்ச் 31-ந் தேதி, தமது 82-வது வயதில், வழக்கம்போல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் அன்றைய வேலையை முடித்துவிட்டு வந்தவர், அன்றே காலமானார்.