கொப்பெனின் உதிர்ந்த எழுத்துகள்: ரேடியேட்டா பைனும் காலநிலை மண்டல வரைபடமும்

மரத்தேர்வுக்குக் காலநிலை மண்டல வரைபடம் உதவாது என்போர் காட்டும் முதல் சான்று ரேடியேட்டா பைன். கலிஃபோர்னியக் கடற்கரையில் ஆன்யோ நுவெவோ, மான்டரே, கேம்ப்ரியா என்ற மூன்று துண்டு நிலங்களிலும், மெக்சிகோவின் குவாடலூப், செட்ரோஸ் தீவுகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் இம்மரம் இன்று உலகில் 40 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு நடப்பட்டுள்ளது. காலநிலையியலாளர் கொப்பென் வகுத்த மண்டலக் குறிமுறையில் மான்டரேயின் குறி சிஎஸ்பி: மிதமான வெப்பம், வறண்ட கோடை. நியூசிலாந்தின் ரோட்டோருவா வட்டாரத்துக்குரியது சிஎஃப்பி: வறண்ட பருவமே இல்லை, ஆண்டு மழை 1,400 மி.மீ. அளவில். குறி மாறிய இந்த நாட்டின் நடவுக் காடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரேடியேட்டாதான். அதே சிஎஃப்பி குறியைத் தாங்கிய கென்ய மேற்கு உயர்நிலங்களிலோ 1960களின் தொடக்கத்தில் ஊசியிலைக் கருகல் நோயால் இதன் நடவு கைவிடப்பட்டது. தாயகத்தோடு பொருந்தாத குறியில் செழிப்பு. செழித்த இடத்தின் குறியிலேயே அழிவு. ஆகவே மண்டல ஒப்பீடு வெறும் தற்செயல் என்று முடிக்கிறார்கள்.

சான்றுகள் சரி, முடிவை ஏற்க முடியவில்லை. இவ்வாதம் கொப்பெனின் வகைப்பாட்டோடு மோதவில்லை, அதன் சுருக்கப் பதிப்போடு மோதுகிறது. 1936இல் அவர் வெளியிட்ட முழு வடிவத்தில் மூன்றெழுத்துக் குறிக்குப் பின்னால் சேர்க்கத்தக்க துணையெழுத்துகள் பல உண்டு. 'ஐ' என்பது ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் இடையிலான வேறுபாடு 5 பாகைக்குக் குறைந்த நிலம். 'என்' என்பது மூடுபனி அடிக்கடி படியும் நிலம். கணினியில் வரையப்படும் அண்மைக்கால உலக வரைபடங்கள் இவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. 2018இல் வெளிவந்த ஒரு கிலோமீட்டர் நுணுக்க வரைபடமும் 30 வகைகளோடு நின்றுவிடுகிறது. நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்த அளவுக்குக் குறி நுணுக்கமாகவில்லை.

'என்' உதிர்ந்ததற்குக் காரணம் சொல்லலாம். மூடுபனிக்கு அவர் எண்வரம்பு எதுவும் வைக்கவில்லை. மூடுபனி நாள்களுக்கு உலகளாவிய சீரான தரவும் இல்லை. 'ஐ'க்கு அந்தச் சாக்கு செல்லாது. வரைபடத்தை வரையப் பயன்படும் அதே மாதச் சராசரி வெப்பநிலைகளிலிருந்து ஒரு கழித்தலில் அது கிடைத்துவிடும். இருந்தும் விட்டுவிட்டார்கள். வகைகளின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் எண்ணமாக இருக்கலாம். அதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இந்த இரண்டு எழுத்துகளையும் திருப்பிச் சேர்த்து ரேடியேட்டாவின் இடங்களைப் படித்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் தாயகம். செட்ரோஸ் தீவை எடுத்தாளும் ஆய்வுகள் குறைவு. என் கணிப்பில் முழு விவாதத்தின் திறவுகோல் அங்குதான் இருக்கிறது. அத்தீவு கொப்பென் கணக்கில் பாலை. மான்டரே மித வெப்ப மண்டலம். ஒரே இனத்தின் இயற்கைக் காடுகள் வகைப்பாட்டின் முதல் எழுத்திலேயே பிரிந்து நிற்கின்றன. மண்டல ஒப்பீட்டுக்கு இதைவிடப் பெரிய சங்கடம் நியூசிலாந்து அன்று. சொந்த மண்ணிலேயே அது தோற்கிறது. ஆனால் செட்ரோஸில் பைன் தீவெங்கும் பரவியிருக்கவில்லை. கடலிலிருந்து வரும் மூடுபனி மோதும் மலைமுகடுகளையும் சரிவுகளையும் பற்றிக்கொண்டிருக்கிறது. மான்டரேயிலும் மழையற்ற கோடை மாதங்களில் காட்டை நனைப்பது மூடுபனிதான். முன்னெழுத்துகள் பிரித்த இரு காடுகளையும் 'என்' சேர்த்துவைக்கிறது.

இதன் விளைவு கொஞ்சம் தூரம் போகிறது. கோடை வறட்சிக்கான 'எஸ்' மழையளவைக் கொண்டு தீர்மானிக்கப்படுவது. ஊசியிலைகளில் படிந்து மண்ணில் சொட்டும் நீர் திறந்தவெளி மழைமானியில் விழுவதில்லை. ஆகவே மான்டரேயின் 'எஸ்' மழைமானியைப் பொறுத்தவரை மெய், மரத்தின் வேரைப் பொறுத்தவரை பாதி மெய். கோடையில் ஓரளவு ஈரமும் குளிர்ந்த காற்றும் பழகிய மரம் கோடைமழை பெறும் நியூசிலாந்தில் செழித்ததில் வியப்பு எங்கே? மண்டலம் மாறியதாகத் தெரிவது குறியைச் சுருக்கியதால் வந்த தோற்றம்.

கென்யாவுக்கு வருவோம். அங்கே மரம் காலநிலையால் சாகவில்லை, டோதிஸ்ட்ரோமா என்ற பூஞ்சையால் செத்தது, எனவே காலநிலை வரைபடத்தை இதில் இழுப்பது தவறு என்ற எதிர்வாதம் உண்டு. பூஞ்சையும் காலநிலைக்குள் வாழும் உயிர்தான் என்பதைத் தவிர இதற்கு விடை தேவையில்லை. ஊசியிலை நெடுநேரம் நனைந்திருக்க வேண்டும், வெப்பநிலை மிதமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே அமைந்தால் தொற்று பெருகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய கென்ய உயர்நிலத்தின் முழுக் குறி சிஎஃப்பிஐ. 'எஃப்' என்றால் ஈரத்தில் இடைவெளி இல்லை. 'ஐ' என்றால் மிதவெப்பத்திலும் இடைவெளி இல்லை. ரோட்டோருவாவில் 'எஃப்' உண்டு, 'ஐ' இல்லை: சனவரிக்கும் சூலைக்கும் இடையே 10 பாகை அளவு வேறுபாடு இருப்பதால் குளிர்காலம் பூஞ்சையின் கையைக் கட்டிவிடுகிறது. 1960களில் நோய் அங்கும் போய்ச் சேர்ந்தது. வானிலிருந்து தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளித்தும், கிளை கழித்தும், நோய் தாங்கும் வகைகளைத் தேர்ந்தும் சமாளித்தார்கள்.

இங்கே கடினமான ஒரு தடை இருக்கிறது. மான்டரேயின் ஆண்டு வெப்ப வீச்சும் சிறியதுதான். 5 பாகை வரம்பைச் சற்றே தாண்டுகிறது. அப்படியானால் 'ஐ' அபாயக் குறி என்பது எப்படிப் பொருந்தும்? தனியாக நின்றால் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மான்டரேயில் மழைக்காலம் குளிர்ந்தது, வெப்பம் கூடும் மாதங்களில் மழை இல்லை. ஆக அங்கே இடைவெளி 'எஸ்' வழியாக வருகிறது, ரோட்டோருவாவில் குளிர் வழியாக. இரு வழியும் அடைபட்ட இடம் கென்யா. அபாயம் 'எஃப்'பும் 'ஐ'யும் சேர்ந்த இணையில் இருக்கிறது என்பதே என் வாசிப்பு. மூன்று நாடுகளை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆயினும் கென்யர்கள் மாற்றாக நட்டவற்றுள் முக்கியமானது மெக்சிகோ மலைநாட்டின் பட்டுலா பைன் என்பதையும், அதன் தாயகமும் ஆண்டு வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காத வெப்பமண்டல உயர்நிலம் என்பதையும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீலகிரியைக் காட்டி மறுப்பார்கள். தாஸ்மேனியத் தைலமரம் 1840களில் உதகைக்கு வந்தது. வெப்ப வீச்சு சிறிதான அந்த மலையில் பரவியது. அடிஸ் அபாபாவிலும் அப்படியே. அந்த மரத்துக்கு அங்கே டோதிஸ்ட்ரோமா போன்ற பகைவன் வாய்க்கவில்லை, அவ்வளவே. துணையெழுத்து எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லும், தீர்ப்பு எழுதாது.

மண்டல வரைபடமே காலாவதியாகிவிட்டது, 19 காலநிலை மாறிகளைக் கொண்ட இனப்பரவல் மாதிரிகள் வந்துவிட்டன என்பாரும் உண்டு. அந்த 19இல் ஆண்டு வெப்ப வீச்சும் ஒன்று. வாசலில் துரத்தியதைப் பின்கட்டு வழியே அழைத்து வந்திருக்கிறார்கள். ஆனால் பத்தொன்பதும் வெப்பநிலையிலிருந்தும் மழையளவிலிருந்தும் பெறப்பட்டவை. மூடுபனி அங்கும் இல்லை. செட்ரோஸின் பைனை அவை மழைமானியைக் கொண்டே அளக்கின்றன.

எனவே இவ்வழக்கில் மண்டல ஒப்பீடு தோற்கவில்லை. தோற்றது எழுத்து உதிர்ந்த வரைபடம். மரத்தேர்வுக்கென்று மண்டல வரைபடம் வெளியிடுவோர் எந்தத் துணையெழுத்துகளை விட்டோம் என்று விளக்கக்குறிப்பில் சொல்ல வேண்டும். 'என்' திரும்ப மூடுபனித் தரவு சேர வேண்டும். 'ஐ'யைத் திருப்பி அச்சிடக் கைவசமுள்ள பன்னிரண்டு மாதச் சராசரிகளே போதும்.