வடலூர்: பசிக்குக் கேள்வி இல்ல, பார்வைக்கு ஒண்ணு உண்டு

பண்ருட்டி தாண்டி காடாம்புலியூர் வழியா போனா, முந்திரித் தோப்பும் பலாப்பழக் கடையுமா போற ரோடு வடலூர்ல கொண்டுபோய் விடும். சிதம்பரம், பிச்சாவரம், அப்படியே வடலூர்னு ஒரே நாள் பிளான்ல நாம சேர்த்துக்கிற ஊர். ஒரு சமூகத்தோட நம்பிக்கை நமக்கு 'ஸ்பாட்' ஆகலாமா? இன்னிக்கு இதைத்தான் பேசப் போறோம்.

வள்ளலார் இராமலிங்கர் 1823ல் மருதூரில் பிறந்தவர். சாதியையும் சடங்கையும் மறுத்தவர். 1867ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார்; அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. 1872 தைப்பூசத்தில் சத்திய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம். அங்கே சிலை கிடையாது. ஏழு திரை விலகினா ஒரு ஜோதி, அவ்வளவுதான்.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஒரு அறைக்குள் போனவர், திரும்பி வரவே இல்லை. அன்பர்களுக்கு அது சித்தி. வெளியாட்களுக்கு அது ஒரு மர்மம். ஆங்கிலேயர் காலத்து தென்னாற்காடு கெசட்டியர்கூட அந்த அறையைக் குறிப்பிடுது. வேடிக்கை பார்க்கிற கண்ணு ரொம்ப நாளாவே இருக்கு, ஃபோன் கேமரா மட்டும்தான் புதுசு.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்கள் குதிரை வண்டியில் போறதைப் பார்க்கவே சுற்றுலா நடக்குது. முகம் தெரியப் படம் எடுக்கிறதை அவங்க விரும்புறதில்லை. ஆனாலும் எடுக்கிறாங்க.

'அப்போ போகவே கூடாதா?'ன்னு கேப்பீங்க. பதில் வடலூர்லயே இருக்குன்னு நினைக்கிறேன். தருமச்சாலையில் பசியோட வர்ற யாரையும் சாதி, மதம், ஊர் கேட்கிறதில்லை. சபை வாசலில் மட்டும் ஒரு நிபந்தனை: கொலையும் புலாலும் விட்டவங்கதான் உள்ளே போகலாம். பசிச்ச வயித்துக்குக் கேள்வி இல்லை. உள்ளே வந்து பார்க்கணும்னா உன் வாழ்க்கையில ஒண்ணை மாத்திட்டு வா. மத்தவங்க வெளியில நின்னு வழிபடலாம். இது விருந்தாளியைத் துரத்துற விதி இல்லை. வீட்டுக்காரங்க போட்ட விதி.

சரி, அந்த வீட்டுக்காரங்க யாரு? 2024 பிப்ரவரியில் சுமார் 100 கோடி ரூபாய் செலவில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அரசு அடிக்கல் நாட்டியது. வர்றவங்களுக்கு வசதி வேணும்ங்கிறது அரசோட வாதம். பார்வதிபுரம் மக்கள் எதிர்த்தாங்க. அவங்க முன்னோர் வள்ளலாருக்குக் கொடுத்த நிலம் அது. மையம் வேண்டாம்னு அவங்க சொல்லலை. சபையைச் சுத்தியுள்ள பெருவெளியில் கட்டாதீங்க, வேற இடத்தில் கட்டுங்கன்னாங்க. தைப்பூசத்தன்னிக்கு ஜனங்க நின்னு ஜோதி பார்க்கிறது அந்த வெட்டவெளியில்தான். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் போச்சு.

வடலூர் போங்க. தருமச்சாலையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்க. ஆனா பக்கத்து இலையில சாப்பிடுறவரு பசிக்காக வந்திருக்கலாம். அவர் முகம் உங்க ரீல்ஸுக்குள்ள வர வேண்டாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.