புத்தளத்தின் பெயருக்குள்ள ஓர் அளம்

எங்கட மாம்புரிப் பக்கம் வாறவங்க கண்ணுல முதல்ல படுறது ரெண்டு: 2010ல சுத்தத் தொடங்கின காற்றாலைகள், 2011ல மின்சாரம் தரத் தொடங்கின நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு. இந்தப் பக்கத்துக்குத் தொழில் இப்பதான் வந்தது என்று நினைக்கிறாங்க. ஆனா இங்கத்தப் பழைய தொழில் உயர்ந்து நிக்காது. தரையோட தரையாக் கிடக்கும். அது உப்பு.

‘புது அளம்’தான் புத்தளம் ஆச்சு என்பது ஊர் வழக்கு. அளம் என்றால் உப்பு விளையும் நிலம். களப்பு கடலோடு சேருவது வடக்கே கற்பிட்டிப் பக்கம். தெற்கு முனையில் ஆழம் குறைவு. கோடை வெயிலும் காற்றும் தண்ணியக் குடிக்கக் குடிக்க, மிச்சம் கடலை விடக் கரிக்கும். அதைப் பாத்தி பாத்தியா மாற்றிக் காயவிட்டால் உப்புப் பூக்கும். பாலாவிப் பக்கம் போறப்ப பஸ் ஜன்னலால பாருங்க, வரப்புகள் இன்னும் தெரியும்.

மலைநாட்டில் உப்பு விளையாது. அதனால கண்டி இராச்சியத்துக்கு இந்தக் கரை உயிர்நாடி. பொதிமாட்டுத் தவளங்கள் உப்பும் கருவாடும் ஏற்றிப்போய், பாக்கோடு திரும்பின. 1766 ஒப்பந்தத்தில் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபோதும், புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்பெடுக்கும் உரிமையைக் கண்டி மன்னர் விடவில்லை. பிறகு வந்த ஆங்கிலேயர் உப்பை அரச ஏகபோகமாக்கி வருமானம் பார்த்தாங்க. வெயிலில் நின்று உப்பு வாரினவங்க பெயர் மட்டும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

1980களில் களப்போரம் இறால் பண்ணைகள் பெருகின. 1996ல வெண்புள்ளி நோய் பரவ, பல குளங்கள் கைவிடப்பட்டன. உப்புப் பாத்தி கோடைக்குக் கோடை திரும்ப விளையும். நோய் விழுந்த இறால் குளம் அப்படி இல்ல.

ஆனா உப்பும் வானத்தை நம்பின தொழில்தான். பருவம் தப்பின மழையால விளைச்சல் குறைய, 2025ல இலங்கை இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. சுத்திவர உப்புக்கடல் உள்ள தீவில் உப்புக்குத் தட்டுப்பாடு! அப்பதான் பலருக்கு உப்பளம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது.

கோட்டைக்குப் பாதுகாப்பு இருக்கு, பலகை இருக்கு. வரப்புக்கு ஒன்றும் இல்ல. அதனால உங்கட வீட்டு மூத்தவங்களிட்ட இப்பவே கேட்டு எழுதுங்க: எந்த அளம் எங்க இருந்தது, யார் வாரினாங்க, என்ன கூலி. அந்த வரப்ப மூடிக் கட்டடம் எழும்பின பிறகு, அளம் ஊர்ப் பெயருக்குள்ள மட்டும்தான் மிஞ்சும்.