மலைப்பாதையில் சுமந்தவர்கள்



சித்திரை, வைகாசி வந்தால் நம்ம குழுக்காரங்க வேன் பிடிச்சு கொடைக்கானல் போறது வழக்கமாயிடுச்சு. திண்டுக்கல்லில் காலையில் ஏறினா மதியச் சாப்பாட்டுக்கு மேல இருக்கோம். போன தடவை போகும்போது ஒரு தங்கச்சி, "ரோடு இல்லாத காலத்துல எப்படிக்கா போயிருப்பாங்க?" என்று கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. பிறகு படிச்சும் கேட்டும் தெரிஞ்சுகொண்டதை இந்த மலரில் எழுதுகிறேன்.

1821-ல் வார்டு என்கிற ஆங்கிலேய அதிகாரி அந்த மலையை அளக்க வந்தார். 1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் மேலே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். கீழே வெயிலும் காய்ச்சலும் காலராவும் தாங்காமல்தான் அவர்கள் மலையைத் தேடிப் போனார்கள். 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஏரியை உண்டாக்கினார். அதற்குப் பிறகு கோடைக்குக் கோடை வெள்ளைக்காரக் குடும்பங்கள் வர ஆரம்பிச்சது.

1875-ல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில், நாம கொடைரோடு என்று சொல்கிற ஸ்டேஷனில் இறங்குவாங்க. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியா சுமார் 50 கிலோமீட்டர் மாட்டு வண்டிப் பயணம். பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு இருக்கு. வண்டி அதோட சரி. அதுக்கு மேல சுமார் 12 மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஏறி முடிக்கிற இடம் ஏறக்குறைய 7,000 அடி உயரம்.

தெம்பு இருந்தவங்க நடந்தாங்க, சிலர் குதிரையில் போனாங்க. பெண்களையும் பிள்ளைகளையும் முடியாதவங்களையும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார வைத்துத் தூக்கிப் போனது நம்ம கீழ்நாட்டுக் கூலி ஆட்கள்தான். பெட்டி, படுக்கை, பாத்திரம் எல்லாம் தலைச்சுமை. அதனாலேயே அந்தப் பாதைக்குக் 'கூலி காட்' என்று பேர் வந்தது. 1914 வாக்கில் மோட்டார் போகிற சாலை முடிஞ்சதும் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைஞ்சு போச்சு. புதுச் சாலைக்கு மேஜர் லா என்ற பொறியாளர் பேரை வைத்து 'லாஸ் காட்' என்றார்கள். ஏரி என்றால் லெவிஞ்ச் பேரைச் சொல்றோம். சுமந்த ஒருத்தர் பேர்கூட நமக்குத் தெரியாது.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க அப்பத்தா நினைப்புதான் வந்தது. சிறுமலையில் இருந்து வாழைத்தாரும் விறகும் தலையில் சுமந்து இறக்கினவங்க. கடைசிக் காலத்தில் கழுத்து வலி என்று சொல்லிக்கொண்டே இருப்பாங்க. "மலை அழகா இருக்குமா அப்பத்தா?" என்று கேட்டா, "யாருடி நிமிந்து பாத்தா?" என்பாங்க.

இன்றைக்கு மலையில் நடப்பது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கு. சென்னை போன்ற ஊர்களில் மலையேற்றக் குழுக்களே இருக்கு. மலை ஏறுவதோடு கடற்கரையைச் சுத்தம் செய்வது, மரம் நடுவது என்று நல்ல காரியங்களும் செய்கிறார்கள். நம்ம மாவட்டத்தில் வட்டக்கானலில் இருந்து வெள்ளக்கெவி வழியா கும்பக்கரைக்கு இறங்குகிற பாதை அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் வெள்ளக்கெவி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையா அது ஒன்றுதான் வழியா இருந்தது. விளைந்த காபியும் எலுமிச்சையும் குதிரை முதுகில் போனது. பிரசவ வலி வந்தாலும் டோலி கட்டித்தான் தூக்கினாங்க. ஒருத்தருக்கு உல்லாசமான பாதை, இன்னொருத்தருக்கு உயிர்ப் பிரச்சனை.

உல்லாசமா போனவங்களுக்கும் ஆபத்து வந்தது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அதில் நிறையப் பேர் பெண்கள். தீயில் மாட்டினவர்களைத் தேடி முதலில் ஓடியவர்களில் அந்த மலைக் கிராமத்து ஜனங்களும் உண்டு. அன்றைக்கும் காயம்பட்டவர்களை டோலி கட்டித்தான் இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை அறிவித்து, அந்தந்த ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டியா வைத்திருக்கு. சுமந்தவங்க பிள்ளைகள் இன்றைக்கு வழி காட்டிச் சம்பளம் வாங்குவது எனக்குச் சந்தோஷமா இருக்கு.

அடுத்த கோடையில் நம்ம குழுவும் ஒரு நாள் நடந்து பார்க்கலாம் என்பது என் ஆசை. தீப்பிடிக்கிற காலத்தில் போகக் கூடாது, அனுமதி இல்லாமலும் போகக் கூடாது. வழிகாட்டி கூட வரணும். போகிற இடத்தில் மலைக் கிராமத்துக் குழுப் பெண்களிடம் காபித்தூளும் மிளகும் பேரம் பேசாமல் வாங்குவோம். அவங்க பேரையும் கேட்டு நம்ம நோட்டில் எழுதி வைப்போம்.