நிகண்டுக் கல்வியும் சொல்விளையாட்டும்: யமகம், திரிபு, சிலேடை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பல்பொருள் ஒருசொல்லையும் ஒருபொருட் பன்மொழியையும் கருவியாகக் கொண்ட யமகம், திரிபு, சிலேடை ஆகியவை பிற்காலப் புலமையின் நலிவுக்கு அடையாளமாகவே பெரிதும் மதிப்பிடப்பட்டுள்ளன. இவற்றைப் பொருள்கொள்ளும் திறன் நிகண்டு மனனத்தால் உருவானது என்பதையும், அம்மனனம் தளர்ந்தபோது யமகமும் திரிபும் வாசகரை இழக்க, வழக்குச்சொல்லை நம்பிய சிலேடை நிலைத்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நிகண்டு, யமகம், திரிபு, சிலேடை, மனனம், காளமேகம், சதுரகராதி

முன்னுரை

நூறு செய்யுள் கொண்ட ஓர் யமகவந்தாதியில் ஒவ்வொரு செய்யுளின் நான்கடிகளும் ஒரே எழுத்துத் தொடரால் தொடங்கும். பொருள் மட்டும் அடிதோறும் வேறுபடும். இத்தகைய நூலை இன்று உரையின்றிப் படிப்போர் மிகச் சிலரே. ஆயினும் இவை தொடர்ந்து பாடப்பட்டன, ஏட்டில் படியெடுக்கப்பட்டன, பாடமாகவும் சொல்லப்பட்டன. இவற்றைக் கேட்டு உடன் பொருளுணர்ந்தோர் யாவர், அவர்கள் அத்திறனை எவ்வாறு பெற்றனர் என்னும் வினா சுவை பற்றிய விவாதத்தில் மறைந்துவிடுகிறது. அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

இலக்கண அடிப்படை

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு ஒன்றுக்கு ஒன்றாய் அமையாது என்பதைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கிறது. எச்சவியல் திரிசொல்லை, ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் என இருவகைப்படுத்துகிறது. கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை, வினையால் பொருள் வேறுபடுவது, வேறுபடாதது எனப் பிரிக்கிறது. கேட்போனுக்கு ஐயம் தோன்றாதவாறு சொல்லை ஆளும் நெறி அங்குப் பேசப்படுகிறது. பிற்காலச் சிலேடை அந்நெறியைத் தலைகீழாக்கி, அதே ஐயத்தை இன்பமாக மாற்றியது.

நன்னூல் கூறும் பொதுமொழி இதற்கு அடுத்த படி. ‘எட்டு’ என்பது எண்ணையும் குறிக்கும். எள் + து எனப் பிரிந்து ‘எள்ளை உண்’ என்றும் பொருள்தரும். ‘வேங்கை’ மரமும் விலங்கும் ஆகும். வேம் + கை எனப் பிரிந்து வேகின்ற கையும் ஆகும். தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இரண்டாக்கியது இவ்வடிப்படையிலேயே. சொற்களுக்கிடையே இடம் விடாது எழுதப்பட்ட ஏட்டுச்சுவடி, பிரிமொழிச் சிலேடைக்கு இயல்பான களமாக இருந்தது. எங்குப் பிரிப்பது என்னும் முடிவு படிப்போனிடமே விடப்பட்டிருந்தது.

வடசொற்கள் தமிழொலிக்கு ஏற்பத் திரிந்தமையும் ஒப்பொலிச் சொற்களைப் பெருக்கியது. திருமால், சிங்கம், குரங்கு முதலியவற்றைக் குறிக்கும் ‘ஹரி’யும் பகைவனைக் குறிக்கும் ‘அரி’யும் தமிழில் ஒரே வடிவம் பெற்று, ‘அரிதல்’ என்னும் தமிழ்வினையின் பகுதியோடும் ஒன்றின.

நிகண்டின் அமைப்பு

திவாகரம் 12 தொகுதிகளை உடையது. முதற் பத்துத் தொகுதிகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வகையால் ஒருபொருட் பன்மொழியைத் தருகின்றன. 11ஆம் தொகுதி ஒருசொல் பல்பொருளையும், 12ஆம் தொகுதி பல்பொருட் கூட்டத்து ஒருபெயரையும் கூறுகின்றன. பிங்கலம் தன் பத்தாம் வகையை ஒருசொல் பல்பொருளுக்கு ஒதுக்கியது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு நூற்பாவை விடுத்து விருத்தத்தில் அமைந்ததால் ஓசையுடன் மனனம் செய்ய எளிதாயிற்று.

சூடாமணியின் 11ஆம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்துள்ளமை இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. முதலெழுத்து மட்டும் மாற, எஞ்சிய எழுத்துகள் ஒன்றிவரத் தொடுப்பது திரிபு. இரண்டாம் எழுத்தால் அடுக்கப்பட்ட பல்பொருட் சொற்பட்டியல், திரிபு பாடுவோனுக்குச் சொற்கள் உடன் நினைவுக்கு வரும் முறையிலேயே அமைந்துள்ளது. ஆகவே அதைப் பொருளறியும் நூலாக மட்டுமன்றிச் செய்யுளியற்றும் கருவியாகவும் கருத இடமுண்டு.

விளையாட்டின் இரு நெறிகள்

கந்தரந்தாதி பிறந்த கதை இங்கு எண்ணத்தக்கது. தோற்றவர் செவியை அறுக்கும் வழக்கமுடைய வில்லிபுத்தூரார், அருணகிரிநாதர் பாடப் பாட உரை கூறிவந்தார் என்றும், தகர வருக்கத்தால் மட்டுமே அமைந்த 54ஆம் செய்யுளில் பொருள் காணாது தோற்றார் என்றும் செவிவழி மரபு கூறும். இதை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள இயலாது. ஆயினும் கதையின் உட்கிடை தெளிவு. இங்கே தோல்வி என்பது பாட இயலாமை அன்று, பொருளுணர இயலாமை. கேட்போனின் சொல்லறிவே போட்டிக்குரிய பொருள்.

15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் காளமேகப் புலவரின் நெறி வேறு. வைக்கோலையும் யானையையும் இணைத்த அவரது வெண்பாவில் களம், போர், கோட்டை ஆகிய சொற்களே இரட்டைப் பொருளைத் தாங்குகின்றன. நெற்களமும் போர்க்களமும், வைக்கோற்போரும் படைப்போரும், நெற்கோட்டையும் அரணும் உழவர் நாவில் புழங்கியவையே. நிகண்டு கல்லாதவரும் இதில் நகைக்கலாம். பாம்பையும் எள்ளையும் இணைத்த சிலேடையும் இவ்வாறு அன்றாட வாழ்வின் பொருள்களையே எடுத்துக்கொள்கிறது. எனவே சொல்விளையாட்டை ஒரே மரபாகக் கொள்ளாமல், நிகண்டு சார்ந்த நெறி, வழக்குச் சார்ந்த நெறி எனப் பிரித்துக் காண்பது பொருத்தமாகும்.

மனனத்தின் தளர்ச்சி

1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. முதல் மூன்றும் நிகண்டின் மூவகைப் பொருளடக்கத்தையே அகரவரிசையில் தருகின்றன. தொடையகராதி எதுகைச் சொற்களைத் தொகுக்கிறது. உள்ளடக்கம் பெரும்பாலும் பழையது. அணுகும் முறையே புதியது. நினைவிலிருந்து வரவேண்டிய சொல்லை இனித் தேடி எடுக்கலாம்.

இம்மாற்றத்தின் விளைவை 19ஆம் நூற்றாண்டில் காண்கிறோம். இளமையிலேயே பார்வையிழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884) சிலேடை முதலியவற்றில் பெரும்புகழ் பெற்றமை, செவியும் நினைவுமே சார்ந்த கல்வி அப்போதும் உயிருடன் இருந்தமைக்குச் சான்று. அதே காலத்தில் அதன் தளர்ச்சியும் பதிவாகியுள்ளது. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சென்ற உ.வே.சாமிநாதையர், நிகண்டின் 12 தொகுதிகளும் தமக்கு மனப்பாடம் என்று கூறியதையும், அவ்வழக்கம் அருகிவிட்டதை ஆசிரியர் வருத்தத்துடன் குறிப்பிட்டதையும் ‘என் சரித்திரம்’ நூலில் பதிவுசெய்துள்ளார். அவர் தொடக்கத்தில் கேட்ட பாடங்களில் திரிபந்தாதிகளும் யமகவந்தாதிகளும் பல. நிகண்டு பற்றிய வினாவும் அப்பாடத் தேர்வும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. முன்னது இல்லாமல் பின்னதைக் கற்பித்தல் அரிது.

அச்சு இதனை மேலும் விரைவுபடுத்தியது. சந்தி பிரித்துப் பதிப்பிக்கும் முறை கல்வியைப் பரவலாக்கிய பெருநன்மை உடையது. ஆனால் பிரிமொழிச் சிலேடையைப் பதிப்பாசிரியர் ஒருவாறு பிரித்தவுடன் மற்றொரு பொருள் அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகிறது. படிப்போன் கண்டறிய வேண்டியதை அச்சுப்பக்கமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

முடிவுரை

யமகமும் திரிபும் வாசகரை இழந்தமைக்குச் சுவை மாற்றம் மட்டுமே காரணம் அன்று. அவற்றுக்கு வாசகரை உருவாக்கிய கல்விமுறை மறைந்ததும் காரணம். வழக்குச்சொல்லில் வேரூன்றிய காளமேகம் பள்ளிப் பாடநூலிலும் மேடையிலும் இன்றும் வாழ்வது இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்துகிறது. நிகண்டு மனனத்தில் இழப்பும் உண்டு. சொல்லை உருப்போடும் உழைப்பு பொருளாராய்ச்சிக்குரிய காலத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆயினும் இந்நூல்களை நலிவிலக்கியம் என ஒதுக்குங்கால், ஒரு தலைமுறையின் நினைவில் எத்தனை சொற்கள் எவ்வொழுங்கில் இருந்தன என்பதைக் காட்டும் அரிய ஆவணங்களையும் சேர்த்தே ஒதுக்குகிறோம். யமக, திரிபந்தாதிகளின் சொற்களை நிகண்டுத் தொகுதிகளோடு செய்யுள்தோறும் ஒப்பிடும் ஆய்வு, தமிழ்க் கல்வி வரலாற்றுக்குப் புதிய தரவுகளை வழங்கும்.