பெயர்ச்சீட்டில் இல்லாத பெயர்கள்

நூதனசாலை என்றதும் நம் மாணவரின் மனக்கண்முன் தோன்றுவன அரசரின் வாளும் முடியும் உடைந்த சிலையுமே. கல்லும் மண்ணும் இலையும் விதையும் காட்சிக்குரியவை என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆயினும், மனிதன் அரசனைக் காண்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மண்ணைக் கண்டான், மரத்தைக் கண்டான், அவற்றுக்குப் பெயரிட்டான். அப்பெயர்கள் என்னவாயின என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானத்துக்கென ஒரு நூதனசாலை உண்டு. டார்வினின் கொள்கை குறித்து 1860 ஜூன் 30ஆம் நாள் ஹக்ஸ்லியும் பேராயர் வில்பர்போர்சும் சொற்போர் புரிந்தது அக்கட்டடத்திலேதான். கட்டடமே ஒரு பாடநூல். முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும் 126 தூண்களும் பிரித்தானியத் தீவுகளின் பல்வேறு கற்களிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டவை. தூண்களின் தலைகளில் இலையும் பூவும் காயுமாகத் தாவரக் குடும்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தாவரவியல் தோட்டத்திலிருந்து செடிகளைக் கொண்டுவந்து முன்னே வைக்க, அவற்றைப் பார்த்து உளி பிடித்தவர்கள் அயர்லாந்திலிருந்து வந்த ஓஷே சகோதரரும் அவர்தம் மருகரான வீலனும் ஆவர். ஜேம்ஸ் ஓஷே பல்கலைக்கழகத்தாரோடு பிணங்கி, அவர்களை ஆந்தைகளாகவும் கிளிகளாகவும் வாயிலில் செதுக்கினார் என்றும், அத்தலைகளை அவரே தகர்க்கும்படி கட்டளை பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. பேராசிரியர் பெயரோடு ஒரு கற்றச்சனின் பெயரும் அங்கே நிலைத்துவிட்டது.

அத்தகைய ஒரு மண்டபத்தைத் திருக்கோணமலைத் துறைமுகத்தின் அருகே எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். எந்தக் கல்லில் தூண் நிறுத்துவோம்? எந்த மரத்தின் இலையை அதன் தலையில் செதுக்குவோம்?

கல்லைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கோணேசர் மலையும் துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகளும் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள். அவ்வாறு உருமாறி 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அக்காலத்தில் இலங்கையும் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒரே பெருநிலத்தின் உறுப்புகள். அந்நிலத்துக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் கொண்டுவானா. அஃது எந்தப் பேராசிரியரின் பெயருமன்று. நடு இந்தியக் காடுகளில் வாழும் கோண்டு மக்களின் நாட்டுப் பெயர். அம்மக்களோ தமது சொந்தக் காட்டின்மீது உரிமை கேட்டுப் போராடும் நிலையில் இன்றும் இருக்கிறார்கள். உலகப் பாடநூல்களிலே அவர்களுக்கு ஒரு கண்டம்; சொந்த ஊரிலே கையளவு நிலத்துக்கும் வழக்கு!

கல்லின் கதை இவ்வாறென்றால், அக்கல் தேய்ந்து பிறந்த மணலின் கதையும் உண்டு. உள்நாட்டுப் பாறைகள் சிதைய, ஆறுகள் துகள்களைக் கடலுக்குக் கொண்டுசெல்ல, அலைகள் இலேசானதை அள்ளிச் சென்று கனமானதைக் கரையில் விட்டுவிடுகின்றன. புல்மோட்டைக் கரையின் கருமணல் இவ்வாறு திரண்டது. அதை எடுப்பதற்கென 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. இல்மனைட் என்று நூல்கள் அதைக் குறிக்கும். ருசியாவின் ஊரல் பகுதியிலுள்ள இல்மென் மலைகளின் பெயர் அது. கறுத்த இல்மனைட்டிலிருந்து பெறப்படுவது வெண்மையான வண்ணப்பூச்சுக்குரிய பொருள். மணல் இங்கிருந்து கறுப்பாகக் கப்பலேறுகிறது. வெளுக்கும் தொழிலும் அதன் ஆதாயமும் கடல்கடந்த நாடுகளுக்கு உரியவை.

இனி, தூணின் தலைக்கு உரிய மரம். என் தெரிவு சவண்டலை. கிழக்கிலங்கையின் வறண்ட காட்டு மரமாகிய இதனைச் சிங்கள மக்கள் ஹல்மில்ல என்பர். இலேசும் உறுதியும் ஒருங்கே அமைந்த மரமாதலால் வண்டிக்கும் பீப்பாய்க்கும் படகுக்கும் ஏற்றது. கடல்கடந்த வணிகத்தில் இதற்குக் கிடைத்த பெயர் 'திருக்கோணமலை மரம்' என்பதே.

இதன் பயணத்தில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருக்கோணமலை. கும்பினியாரின் பெருநகரான சென்னைக்கோ துறைமுகமே இல்லை. 1875இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கும்வரை கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கொந்தளிக்கும் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடித்த படகு அலை மோதும்போது பிளந்துவிடும். எனவே பலகைகளைக் கயிற்றால் தைத்தனர். அப்படகுகளுக்குச் சென்ற மரங்களுள் சவண்டலையும் ஒன்று என்பதை எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் காணலாம். துறைமுகம் படைத்த ஊரின் காடு, துறைமுகமில்லா ஊரின் வணிகத்தைச் சுமந்தது. அந்த வணிகத்தின் அடியிலே மரம் வெட்டியவனின் தோளும் துடுப்பு வலித்தவனின் தோளும் இருந்தன.

இப்போது அம்மரத்தின் பெயர்ச்சீட்டைப் பார்ப்போம். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த வில்லியம் ரொக்ஸ்பரோவின் கோரமண்டல் தாவர நூலில், அவர் மறைந்தபின் 1820இல் வெளிவந்த பகுதியிலே, இம்மரம் 'பெரியா அம்மோனில்லா' ஆயிற்று. முதற்சொல் சென்னையில் வாழ்ந்த மருத்துவர் அன்ட்ரூ பெரியைக் குறிக்கும். இரண்டாவது சொல்லில் 'ஹல்மில்ல' என்ற மக்கள் வழக்கின் எதிரொலியைக் கேட்கலாம். ஆயினும், 1801இலேயே ஜெர்மானியரான வில்டெனோ இதே மரத்துக்கு 'கோர்டிபோலியா', அதாவது இதய வடிவ இலையுடையது, என்று பெயரிட்டிருந்தார். முந்திய பெயரே செல்லும் என்பது தாவரவியலின் விதி. அதன்படி 1926இல் புரெட் என்பவர் பெயரைத் திருத்தினார். மருத்துவரின் பெயர் நின்றது. மக்களின் சொல் மறைந்தது.

இதில் சூழ்ச்சி எதுவுமில்லை. உலகம் முழுவதற்கும் ஒரு பெயர் வேண்டுமாயின் ஒரு விதியும் வேண்டும். ஆயின், அந்த விதி அச்சில் முந்தியதைத்தான் அறியும். நாவில் முந்தியதை அறியாது. அச்சு யார் கையில் இருந்ததோ அவரிடமே பெயரிடும் உரிமையும் இருந்தது.

தொடக்கத்தில் மேனாட்டு அறிஞர் நம் மக்களின் நாவையே நம்பியிருந்தனர். ஒல்லாந்தக் கும்பினியின் மருத்துவராக 1672இல் இலங்கைக்கு வந்த போல் ஹேர்மனின் குறிப்புகள் அவர் மறைந்தபின் 1717இல் 'முசேயம் செய்லானிக்கம்' என நூலாயின. செடிகளை அவர் உள்ளூர்ப் பெயர்களிலேயே அடுக்கினார். அவர் உலர்த்திச் சேர்த்த செடிகளைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். அச்செடிகள் இப்பொழுது லண்டனில் உள்ளன. பேராதனைத் தோட்டத்தின் தலைவரான ஹென்றி டிரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய கைந்நூலில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் சேர்த்துப் பதித்தார். அத்தோட்டத்தில் 1823 முதல் 38 ஆண்டுகள் செடிகளை வரைந்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற சிங்களக் கலைஞர்; அவர் மக்களும் அப்பணியைத் தொடர்ந்தனர். ஓஷேயின் உளிக்கு எவ்வகையிலும் தாழாத தூரிகை அது. அவர் பெயரை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். நூதனசாலை எழும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பறையின் ஒரு மூலையில் ஒரு பலகை போதும். அதில் ஒரு பிடி கருமணல், ஒரு துண்டுக் கல், ஒரு சவண்டலை இலை. பக்கத்தில் மாணவன் தன் கையால் எழுதும் சீட்டு: இலத்தீன் பெயர், தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், எடுத்த இடம், நாள். இவற்றோடு நூல்கள் கேளாத ஒரு கேள்வியும்: இப்பெயரை உனக்குச் சொன்னவர் யார்?

அந்த இடத்தில் ஒரு மீனவரின் பெயர் வரும். ஒரு தச்சரின் பெயர் வரும். மூதூர்க் காட்டோரத்தில் வாழும் வேடர் குலத்து மூதாட்டி ஒருத்தியின் பெயர் வரும். போர் ஆண்டுகளில் காட்டை விட்டு வெளியேறியவர்களும் காட்டிலேயே பெற்றோரை இழந்தவர்களும் இம்மாவட்டத்தில் உண்டு. மரத்தை அறிந்த கிழவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். அவர்கள் நாவிலிருக்கும் சொற்கள் மறைவதற்குள் நம் பிள்ளைகள் அவர்கள் வாசலுக்குச் செல்லட்டும்.