ஒரே வசூல், வேற வேற கதை: சின்ன பட்ஜெட் மியூசிக்கல் எங்கே ரிலீஸ் ஆகணும்?

இன்னைக்கு ரெண்டு எண்களிலிருந்து ஆரம்பிக்கலாம். 2008-ல் வந்த ‘ரெப்போ! தி ஜெனடிக் ஓபரா’ அமெரிக்க தியேட்டர்களில் வசூலித்தது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர். 2015-ல் வந்த ‘தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ வசூலித்ததும் கிட்டத்தட்ட அதே ஒன்றரை லட்சம். ரெண்டுமே மியூசிக்கல். நம்ம ஊர்ல அஞ்சு பாட்டு வர்ற படம் மாதிரி இல்லை, கிட்டத்தட்ட முழுக் கதையையும் பாடியே சொல்லுற படங்கள். எக்செல் ஷீட்ல போட்டுப் பார்த்தா ரெண்டும் ஒரே ஃபிளாப். ஆனா அந்த ஷீட்ல ஒரு காலம் மிஸ்ஸிங்.

அதுக்கு முன்னாடி ‘ஒன்ஸ்’ பத்திச் சொல்லியே ஆகணும். ஏன்னா அதுக்கப்புறம் மியூசிக்கல் எடுத்த சின்ன தயாரிப்பாளர் எல்லாரும் மனசுல வச்சுக்கிட்ட கனவு அதுதான். ஜான் கார்னி 2006 ஜனவரியில் டப்ளின் தெருக்களில் 17 நாளில் எடுத்து முடித்த படம். செலவு ஒன்றரை லட்சம் யூரோவுக்கும் கீழே. பெரும்பகுதி ஐரிஷ் ஃபிலிம் போர்டு கொடுத்த பணம். நடித்த கிளென் ஹான்சார்டும் மார்கெட்டா இர்குலோவாவும் அடிப்படையில் இசைக்காரர்கள். 2007 சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. ஃபாக்ஸ் சர்ச்லைட் அதை வாங்கி, மே மாதம் கொஞ்சம் தியேட்டர்களில் மட்டும் போட்டு, வாய்மொழி பரவப் பரவ ஸ்கிரீன்களைக் கூட்டிக்கொண்டே போனது. அமெரிக்காவில் மட்டும் 90 லட்சம் டாலருக்கு மேல் வசூல். அடுத்த வருஷம் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர். 2012-ல் பிராட்வே நாடகமாகி டோனி விருதும் வந்தது.

இந்த வழிக்கு ரெண்டு விஷயம் தேவை: பொறுமையான விநியோகஸ்தர், வாரக்கணக்கில் படத்தைத் தூக்காத தியேட்டர். ரெண்டும் ஒண்ணா அமையுறது அபூர்வம்.

‘ரெப்போ’வுக்கு அமையவில்லை. டேரன் லின் பவுஸ்மேன் அதுக்கு முன்னாடி ‘சா’ வரிசையில் மூணு படம் எடுத்து லயன்ஸ்கேட்டுக்கு நல்ல லாபம் சம்பாதித்துக் கொடுத்தவர். அந்த நம்பிக்கையில் உறுப்பு மாற்று சிகிச்சைக் கடனை வசூலிக்க ஆளைக் கொல்லும் ஒரு ரத்தக்களரி ஓபராவை எடுத்தார். சாரா பிரைட்மேன், பாரிஸ் ஹில்டன்னு யாருமே சேர்த்து யோசிக்காத நடிகர் பட்டியல். செலவு எட்டு மில்லியன் டாலருக்கு மேல்னு சொல்லப்பட்டது. ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. ஆனா ‘ஒன்ஸ்’ மாதிரி பல படம் எடுக்கலாம். 2008 நவம்பரில் பத்துக்கும் குறைவான தியேட்டர்களில் போட்டார்கள். ரெண்டே மாசத்துல டிவிடி.

அப்புறம் ஏன் தியேட்டர்னு ஒண்ணு? ‘தியேட்டரில் வந்த படம்’ என்ற பெயர் இருந்தால் பத்திரிகையில் விமர்சனம் வரும், டிவிடி, டிவி உரிமை விலை ஏறும். அந்தக் காலத்தில் சின்னப் படத்துக்கு தியேட்டர் ரிலீஸ் ஒரு விளம்பரப் பலகை. டிக்கெட் காசு உண்மையான வருமானம் இல்லை.

பவுஸ்மேனும் படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான டெரன்ஸ் ஸ்டுனிச்சும் பிரிண்ட்டைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராகப் போனார்கள். வேஷம் கட்டிய ரசிகர்கள் வந்தார்கள். ஸ்கிரீனுக்கு முன்னாடி நின்னு கூடவே நடிக்கும் குழுக்கள் கிளம்பின. இது புதுசும் இல்லை. 1975-ல் சுருண்டு விழுந்த ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’, 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகத்தான் உயிர் பெற்றது. பாட்டுப் படத்தை ஜனங்க கூட்டமா திரும்பத் திரும்பப் பார்ப்பாங்க. திரில்லருக்கு இந்த வசதி கிடையாது.

இப்போ 2015. ‘தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ ஜேசன் ராபர்ட் பிரவுனின் நாடகம். ஒரு திருமணத்தை அவள் முடிவிலிருந்து பின்னோக்கியும் அவன் தொடக்கத்திலிருந்து முன்னோக்கியும் பாடுவார்கள். அன்னா கெண்ட்ரிக், ஜெரமி ஜோர்டன். ரேடியஸ் நிறுவனம் அதை பிப்ரவரி 13 அன்று, காதலர் தினத்துக்கு முந்தின நாள், தியேட்டரிலும் ஆன்-டிமாண்டிலும் ஒரே நேரத்தில் விட்டது.

அதற்கு ஒரு விலை இருந்தது. அன்றைய பெரிய தியேட்டர் செயின்கள், ஏறக்குறைய மூணு மாச இடைவெளி இல்லாமல் வீட்டுக்குப் போகும் படத்தைத் தொடவே மாட்டார்கள். அதனால் தனித் தியேட்டர்கள்தான் கிடைக்கும். சில விநியோகஸ்தர்கள் வாடகை கட்டி ஸ்கிரீன் பிடித்தார்கள். (நம்ம ஊர்லயும் இதே சண்டைதான். 2013-ல் வந்த ‘விஸ்வரூபம்’ படத்தை கமல் தியேட்டருக்கு முந்தைய ராத்திரி டி.டி.எச்.சில் காட்டுறேன்னு சொன்னதும் தியேட்டர் உரிமையாளர்கள் கொதிச்சாங்க. அது தனி எபிசோட்.)

பதிலுக்குக் கிடைத்தது என்ன? இந்த நாடகத்தின் ரசிகர்கள் கல்லூரி நாடகக் குழுக்களில், சின்ன ஊர்களில் சிதறிக் கிடந்தவர்கள். பத்து நகரத்து தியேட்டர் அவர்களில் பெரும்பாலானவர்களை எட்டவே எட்டாது. வீட்டு டிவி எட்டும். ஒரே விளம்பரச் செலவில் ரெண்டு கடையும் திறந்திருக்கும்.

எக்செல்ல மிஸ்ஸிங்னு சொன்ன காலம் இதுதான். தியேட்டர் வசூல் வாரா வாரம் பத்திரிகையில் வரும். ஆன்-டிமாண்ட் வசூலை நிறுவனங்கள் வழக்கமா வெளியே சொல்வதில்லை. அதனால ‘லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ எண் பாதி லாக் ஃபைல் மாதிரி, அதை வச்சு படம் தோத்துச்சுன்னு சொல்ல முடியாது. ‘ரெப்போ’ எண் அப்படி இல்லை, தியேட்டர் கதவு மூடியதை அப்படியே காட்டுது.

என்னைக் கேட்டா, ரேடியஸ் எடுத்தது அந்தப் படத்துக்குச் சரியான முடிவு. ஆனா ‘ரெப்போ’வை அப்படி விட்டிருந்தா அந்த வேஷம் கட்டிய கூட்டம் எங்கே போய் ஒண்ணு சேர்ந்திருக்கும்னு தெரியல.

பவுஸ்மேனும் ஸ்டுனிச்சும் ஸ்டுடியோவுக்காகக் காத்திருக்கவில்லை. 2012-ல் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ‘தி டெவில்ஸ் கார்னிவல்’ எடுத்து, நேரடியாக ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 2015-ல் அதன் இரண்டாம் பாகத்துக்கும் மறுபடி டூர் கிளம்பினார்கள்.